கறுப்பு டேப்புக்கு அடியில் எரிந்த விளக்கு

கண்ணாடியக்கா என்றால்தான் அந்தத் தெருவில் அவளைத் தெரியும். கடைவீதியில் உள்ள மூக்குக்கண்ணாடிக் கடையில் பிரேம் மாட்டுவதும் உடைந்த காலைச் சரிசெய்து கொடுப்பதும் அவள் வேலை. எள்ளளவு திருகாணியை நகத்து நுனியில் எடுத்து, துளையில் உட்காரவைத்து, இரண்டு திருகில் முடித்துவிடுவாள். "அக்கா கைக்கு இன்ஷூரன்ஸ் எடுக்கணும்" என்று கடை முதலாளி வருவோர் போவோரிடமெல்லாம் சொல்வார். எடுக்கத்தான் இல்லை.

பொறாமைக்காரி என்று அவளை யாரும் சொன்னது கிடையாது. சொந்த அக்கா மாடி வீடு கட்டியபோது படியேறிப் பார்த்து, மனசார வாழ்த்திவிட்டு வந்தவள். கூட வேலை பார்த்தவள் தனிக்கடை போட்டபோது முதல் ஆளாகப் போய் நின்றவள். அப்படிப்பட்டவளுக்கு மகள் வெளியூர்க் கல்லூரிக்குப் போய், தலையில் நரை எட்டிப் பார்க்கிற வயதில் பொறாமை வந்தது. பெரியவர்களுக்கு வரும் அம்மை கடுமையாக இருக்கும் என்பார்கள். அவளுக்கு வந்ததும் அப்படித்தான்.

அது ஒரு காரோடு வந்தது.

அவள் கணவர் அச்சகத்தில் மெஷின் ஓட்டுபவர். அச்சகத்துக்கு வந்துபோகும் ஒரு வியாபாரி தன்னுடைய பழைய ஸ்போர்ட்ஸ் காரை எப்படியாவது தலையைச் சுற்றி எறிந்துவிடப் பார்த்துக்கொண்டிருந்தார். கார் ஓடத்தான் செய்தது. ஆனால் சாவியைத் திருப்பினால் டேஷ்போர்டில் இருக்கிற எச்சரிக்கை விளக்கெல்லாம் எரியும். வண்டி கிளம்பிய பிறகும் ஒன்றுகூட அணையாது. இரண்டு ஒர்க்‌ஷாப்காரர்கள் பார்த்துவிட்டுக் கையை விரித்துவிட்டார்கள். பழைய இரும்புக்குப் போடுவதற்குப் பதில் உனக்குத் தருகிறேன் என்று வியாபாரி சொன்னதும், மனுஷர் அன்றைக்கே வீட்டுக்கு ஓட்டிவந்துவிட்டார். கரும்பச்சை நிறம், முழங்கால் உயரம், ஊருக்கே கேட்கிற சத்தம்.

கண்ணாடியக்கா வாசலில் நின்று எட்டிப் பார்த்தாள்.

"பின்னாடி சீட்டே இல்லியே?"

"ஸ்போர்ட்ஸ் கார்னா அப்படித்தாம்மா. ரெண்டே சீட்டு."

ரெண்டு போதுமே என்று அவள் நினைத்தாள். மகளும் வீட்டில் இல்லை. ஒன்று அவருக்கு, இன்னொன்று யாருக்கு என்று யோசிக்க வேண்டியதே இல்லை. மறுநாள் கடையில், வெகுநாளாகக் கண்வைத்திருந்த ஒரு கறுப்புக் கண்ணாடியைத் தனக்கென்று எடுத்துக்கொண்டாள். அதைக் காரின் டேஷ்போர்டில் இருந்த சின்ன அறையில் கொண்டுபோய் வைத்தாள். வெளியே போகும் நாளில் போட்டுக்கொள்ளலாம்.

ஆனால் அந்தச் சீட்டில் முதலில் வந்து உட்கார்ந்தது அவளுடைய நாத்தனார்.

நாத்தனாரை இவள் கணவர் குட்டி என்று கூப்பிடுவார். குட்டிக்கு நாற்பது தாண்டிவிட்டது. அண்ணனைவிட ஒரு சாண் உயரம். லிப்ட் கம்பெனியில் பழுதுபார்க்கும் வேலை. கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவள், இரண்டு தெரு தள்ளித் தனியாகக் குடியிருந்தாள். அதுவரைக்கும் மாதத்துக்கு ஒரு தடவை வருவாள், சாப்பிடுவாள், போவாள். கார் வந்த பிறகு ஞாயிற்றுக்கிழமை பொழுது விடிந்தால் கருவிப்பெட்டியும் கையுமாக வந்து நின்றாள்.

அவள் வேலை தெரிந்தவள், அதில் சந்தேகம் இல்லை. முதல் ஞாயிறே பேட்டரி விளக்கை அணைத்துவிட்டாள். பேட்டரியிலிருந்து காரின் உடம்புக்குப் போகும் தடித்த வயர் துருப்பிடித்துக் கிடந்தது. அடுத்தது ஏர்பேக் எனும் காற்றுப்பையின் விளக்கு. சீட்டைக் கழற்றி, அடியில் இருந்த பிளக்கைச் சுரண்டிச் சுத்தம் செய்ததும் அதுவும் அணைந்தது. எஞ்சின் விளக்குதான் தண்ணி காட்டியது. காரின் கணினியோடு ஒரு சின்ன ஸ்கேனரை மாட்டினால் எந்த இடத்தில் கோளாறு என்று கோடு எண் வரும். அண்ணனும் தங்கையும் அந்தத் திரையில் தலையோடு தலை முட்டக் குனிந்திருப்பார்கள்.

"கோடு என்ன சொல்லுது குட்டி?"

"லீன்னுதான் சொல்லுது."

"எஞ்சின்ல ரெண்டு பக்கமுமா?"

"ரெண்டு பக்கமும்தான். லீன் வந்தாலே தலைவலிண்ணா."

டீ டம்ளரோடு கார் நிற்கும் ஷெட் வாசலில் நின்றிருந்த கண்ணாடியக்காவை இருவரும் பார்க்கவில்லை. டீயில் ஆடை படிந்த பிறகு குட்டிதான் திரும்பி, "ஐயோ, எப்ப வந்தீங்க அண்ணி?" என்றாள்.

அன்று இரவு சாப்பிடும்போது கணவரிடம் கேட்டாள்: "லீன் யாருங்க?"

அவர் சிரித்த சிரிப்பில் சோறு புரையேறிவிட்டது. தண்ணீர் குடித்துவிட்டு, போனை எடுத்துத் தங்கையைக் கூப்பிட்டார். "குட்டி, உங்கண்ணி லீன் யாருன்னு கேக்குறா!" அந்தப் பக்கமும் சிரிப்பு. எஞ்சினுக்குள் பெட்ரோல் குறைவாகவும் காற்று அதிகமாகவும் போவதற்குப் பெயர் லீன் என்று அவர் அதற்கப்புறம்தான் விளக்கினார். அவர் சிரித்தது அவளுக்குப் பெரிதாகப் படவில்லை. சிரிப்பதற்கு இன்னொருத்தியைக் கூப்பிட்டுச் சேர்த்துக்கொண்டாரே, அதுதான் நெஞ்சில் முள்ளாக நின்றது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில், அச்சகத்து விஷயம் எதையும் அவர் இப்படி விழுந்து விழுந்து அவளிடம் பேசியதில்லை. பேசத் தெரியாத மனுஷர் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். பேசத் தெரிந்திருக்கிறது, ஆள்தான் வேறு.

மகள் போன் செய்தபோது இதையெல்லாம் கொட்டினாள்.

"அம்மா, உனக்கு அத்தை மேல பொறாமையா?"

"எனக்கென்ன பொறாமை? அவ எங்க, நான் எங்க?"

"அதைத்தாம்மா நானும் கேக்குறேன்."

"போனை வை. காசு ஏறுது."

எஞ்சினுக்குக் காற்று போகும் ரப்பர் குழாயில் ஒரு வெடிப்பு இருந்தது. குட்டி அதை ஒருவழியாகக் கண்டுபிடித்து மாற்றியதும் அந்த விளக்கும் அணைந்தது. மிச்சம் இருந்தது ஏபிஎஸ் என்று மூன்று எழுத்து போட்ட மஞ்சள் விளக்கு. பிரேக் பிடிக்கும்போது சக்கரம் இறுகிப் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு அது. அதையும் சரிசெய்த அன்று, டீ கொண்டுபோன அண்ணியைக் குட்டி கையைப் பிடித்துப் பக்கத்தில் இழுத்தாள்.

"இங்க பாருங்க அண்ணி. இந்த மூலையில இருக்குற சின்ன பிளக். இடது முன்சக்கரம் எவ்வளவு வேகமாச் சுத்துதுன்னு சக்கரத்துக்கிட்ட ஒரு சென்சார் பாத்துட்டே இருக்கும். அது சொல்றது இது வழியாத்தான் போகும். இதைக் கழட்டினா மஞ்ச லைட் எரியும். மாட்டிட்டா அணைஞ்சிடும். செஞ்சு பாருங்க, உங்க விரலுக்கு ஈஸி."

கண்ணாடியக்கா கொக்கியை நகத்தால் நெம்பிக் கழற்றினாள். க்ளிக் என்று மாட்டினாள். "பாத்தீங்களா, எனக்கு ஸ்க்ரூடிரைவர் வேணும்" என்று குட்டி மெச்சினாள். அவளாகக் கூப்பிட்டுக் காட்டியதுதான் அது.

அடுத்த வாரம், புது வீட்டுக்குக் குடிபோன கணவரின் பெரியப்பா மகன் எல்லோரையும் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார். இரண்டு மணி நேரப் பயணம். கண்ணாடியக்கா நல்ல புடவையை எடுத்து வெளியே வைத்தாள். காலையில் கணவர் தலையைச் சொறிந்துகொண்டு வந்தார்.

"ஏம்மா, வழியில ஏதாச்சும் லைட் எரிஞ்சா எனக்கு ஒண்ணும் புரியாது. குட்டி கூட வரட்டுமே. நீ பஸ்ல வந்துடு. பஸ்ல காத்து நல்லா வரும்."

அவள் மறுப்பு சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவர் கேட்டிருப்பார். அதுவும் அவளுக்குத் தெரியும். ஆனால் கேட்டு வாங்க வேண்டிய இடமா அது?

விருந்து வீட்டுக்கென்று சமைத்த குழம்புப் பாத்திரம் மடியில் சுட, பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். பாதி வழியில் பின்னாலிருந்து அந்தச் சத்தம் வந்தது. கரும்பச்சைக் கார் பஸ்ஸை முந்திக்கொண்டு போனது. இதுதான் அண்ணி வரும் பஸ் என்று தெரிந்தோ என்னவோ, குட்டி கையை வெளியே நீட்டி ஆட்டினாள். எந்த ஜன்னல் என்று பார்க்காமல் பொதுவாக ஆட்டினாள். அவள் முகத்தில் கண்ணாடியக்காவின் கறுப்புக் கண்ணாடி இருந்தது.

"இது உங்களுதா அண்ணி? கார்ல கிடந்துச்சு, நல்லா இருக்கேன்னு போட்டேன்" என்று அங்கே போனதும் கழற்றிக் கொடுத்தாள். "வச்சுக்க, உனக்குத்தான் எடுப்பா இருக்கு" என்றாள் கண்ணாடியக்கா. சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். வயிறு எரிந்தது.

அதற்கடுத்த சனிக்கிழமை, அவர் குளிக்கப் போயிருந்த நேரத்தில் அவள் ஷெட்டுக்குள் போனாள். பானெட்டைத் திறந்து, மூலையில் இருந்த பிளக்கின் கொக்கியை நெம்பிக் கழற்றி, மாட்டியது போலத் தோன்றும்படி வைத்துவிட்டு வந்தாள். கண்ணாடிக் கால் கழற்றும் நேரம்கூட ஆகவில்லை. மாலையில் அவர் ஒரு சுற்றுப் போய்விட்டு முகம் தொங்கத் திரும்பினார்.

"மஞ்ச லைட் வந்துடுச்சு. நாளைக்குக் குட்டியோட ஒரு ரவுண்டு போறதா இருந்தேன், இனி முடியாது."

அவளுக்குக் கொஞ்ச நேரம் குளுகுளுவென்று இருந்தது. அவர் போனை எடுத்துத் தங்கையைக் கூப்பிட்டதும்தான் பயம் பிடித்தது. வந்து பார்த்தால் கை வைத்தது தெரிந்துவிடுமே. அவர் தூங்கப் போகும் முன்பே ஓடிப்போய் பிளக்கை க்ளிக்கென்று மாட்டிவிட்டாள்.

மறுநாள் குட்டி வந்தாள். ஸ்கேனர், இடது முன்சக்கர சென்சாரில் கோளாறு வந்ததாகச் சொன்னது. பிளக்கைப் பார்த்தால் சரியாக இருக்கிறது. வயரைத் தடவிப் பார்த்தாள், சென்சாரைக் கழற்றித் துடைத்தாள், அளந்தாள். எல்லாம் சரி. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கான கதைதான்: ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சவாரியைக் கெடுக்கப் போய், அண்ணனும் தங்கையும் பகல் முழுக்க ஷெட்டுக்குள் ஒன்றாக இருந்தார்கள். மதியச் சாப்பாட்டையும் இவள்தான் உள்ளே கொண்டுபோய்க் கொடுத்தாள்.

ஆனால் கொடுக்கும்போது ஒன்றைப் பார்த்தாள். குட்டி நெற்றியில் கிரீஸ் கையை வைத்துக்கொண்டு, "எல்லாம் நல்லாத்தானே இருக்கு, ஏன் எரிஞ்சுச்சு?" என்று தனக்குள்ளே முனகிக்கொண்டிருந்தாள். குட்டி தெரியாமல் விழிப்பதை அவள் அதற்கு முன் பார்த்ததே இல்லை. சர்க்கரை தின்றது போல இருந்தது.

அதற்காகவே மறுபடி கழற்றினாள். அவர் ஓட்டிவிட்டு வந்ததும் மறுபடி மாட்டினாள். சில வாரம் சும்மா விடுவாள். சரியாகிவிட்டது என்று அவர்கள் சந்தோஷப்படும் வாரம் பார்த்துக் கழற்றுவாள். குட்டி புது சென்சார் வாங்கிப் போட்டாள். வயர் முழுவதையும் பிரித்துச் சுற்றினாள். புத்தகம் வாங்கிப் படித்தாள். கோளாறு எப்போதும் இருந்தால் கண்டுபிடித்துவிடலாம். வந்து வந்து போகும் கோளாறு எந்த மெக்கானிக்கையும் பைத்தியமாக்கிவிடும்.

"உனக்கும் வயசாயிடுச்சா குட்டி?" என்று அண்ணன் முதலில் கேலி செய்தார். பிறகொரு நாள், "வேற யார்கிட்டயாவது காட்டிப் பாக்கலாமா?" என்று கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை. குட்டி கருவிகளை ஒவ்வொன்றாகத் துடைத்துப் பெட்டியில் வைத்துக்கொண்டே, "காட்டுண்ணா" என்றாள்.

கடைசியில் இரண்டு பேரும் ஒரு முடிவுக்கு வந்தார்கள். பழைய வயரிங், எங்கோ உள்ளே கெட்டுப்போயிருக்கிறது. பிரேக் நன்றாகப் பிடிக்கிறது. விளக்கு எரிந்தால் எரியட்டும். குட்டி ஒரு துண்டு கறுப்பு டேப்பை வெட்டி மஞ்சள் விளக்கின் மேல் ஒட்டிவிட்டாள். அதன் பிறகு கழற்றி என்ன பிரயோஜனம்? கண்ணாடியக்கா ஷெட் பக்கம் போவதை விட்டுவிட்டாள். குட்டியும் முன்போல வாராவாரம் வரவில்லை.

மழைக்காலம் போய் வெயில் வந்த சமயம், குட்டிக்கு ஒரு பரீட்சை வந்தது. லிப்ட்டைப் பழுதுபார்க்கும் வேலையிலிருந்து, லிப்ட்டைச் சோதித்து ஓடலாம் என்று சான்று கொடுக்கும் வேலைக்கு உயர வேண்டுமானால் அதில் தேற வேண்டும். பரீட்சை மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஊரில். ஏறி இறங்கும் வளைவுப் பாதை. "நான் கார்ல கொண்டுபோய் விடறேன்" என்று அண்ணன் சொல்லிவிட்டார்.

அன்று காலையில் அவர் போய் பெட்ரோல் போட்டுக்கொண்டு வந்து, எஞ்சினை நிறுத்தாமல் வாசலில் விட்டுவிட்டு, சட்டை மாற்ற உள்ளே போனார். குட்டி கூடத்தில் தன் பையைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணாடியக்கா தண்ணீர்ப் பாட்டிலைக் காரில் வைக்கக் குனிந்தாள். பாட்டிலைச் சீட்டுக்குப் பக்கத்தில் செருகி நிமிரும்போது கண்ணில் பட்டது. கறுப்பு டேப்பின் நான்கு ஓரத்திலும் மஞ்சளாக ஒரு கோடு.

அவள் கழற்றவில்லை. கழற்றி எத்தனையோ நாளாயிற்று.

தானாகக் கழன்றிருக்குமோ? பானெட்டைத் திறந்து பார்த்தாள். எஞ்சின் அனல் முகத்தில் அடித்தது. பிளக் இறுக்கமாக, கொக்கி விழுந்து, வைத்த இடத்தில் இருந்தது. நகத்தால் தட்டிப் பார்த்தாள். அசையவில்லை.

அப்படியென்றால் இது வேறு ஏதோ. அவர்கள் இரண்டு பேரும் இதைப் பார்த்தாலும், பழைய கதை என்று விட்டுவிடுவார்கள். அப்படி விடப் பழக்கியது யார்?

பானெட்டை மூடிவிட்டு நின்றாள். சொன்னால் எல்லாம் வெளியே வந்துவிடும். சொல்லாவிட்டால் ஒன்றும் ஆகாமலும் போகலாம். அவங்க கார், அவங்க லைட், அவங்களே டேப் ஒட்டியிருக்காங்க என்று ஒரு குரல் உள்ளே சொன்னது. அந்தக் குரல் தன்னுடையதுதான் என்று அவளுக்குத் தெரிந்தது. அதற்குள் இரண்டு பேரும் வந்து ஏறிவிட்டார்கள். குட்டி ஜன்னல் கண்ணாடியை ஏற்றினாள். கார் நகர்ந்தது.

கண்ணாடியக்கா ஓடிப்போய்க் காருக்கு முன்னால் நின்றாள்.

"போகாதீங்க."

"என்னம்மா இது? வழியை விடு, நேரமாகுது."

"லைட் எரியுது."

"அது எப்பவும் எரியுறதுதானே? அதுக்குத்தானே டேப் ஒட்டியிருக்கு."

"இது அது இல்லீங்க."

குட்டி கண்ணாடியை இறக்கித் தலையை நீட்டினாள். "எப்படிச் சொல்றீங்க அண்ணி?"

"அது நான் கழட்டினாத்தான் எரியும். நான் இப்பக் கழட்டலை."

எஞ்சின் சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை என்று அவர் நினைத்தார். "என்ன சொன்ன?" என்றார். குட்டிக்குக் கேட்டுவிட்டது. அவள் கை நீட்டிச் சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தாள். தெருவே அமைதியானது.

"அந்த பிளக்கா?" என்றாள் குட்டி.

"ஆமா."

"எல்லாத் தடவையுமா?"

"எல்லாத் தடவையும். நீ வர்றதுக்கு முன்னாடி மாட்டிடுவேன்."

குட்டி இறங்கினாள். ஷெட்டுக்குப் போய் ஸ்கேனரையும் ஜாக்கியையும் எடுத்துவந்தாள். பரீட்சைக்கென்று போட்டிருந்த வெள்ளைச் சட்டையின் கையை முழங்கைக்கு மேல் மடித்தாள். ஸ்கேனர் பழைய எண்ணையே காட்டியது: இடது முன்சக்கரம். காரை ஜாக்கியில் தூக்கி, அந்தச் சக்கரத்தின் மேல்பக்கம் ஒரு கை, கீழ்ப்பக்கம் ஒரு கை வைத்து ஆட்டினாள். டக், டக் என்று ஆடியது. சுற்றிவிட்டாள். கல் அரைபடுவது போலக் கரகரவென்று சுற்றியது.

குட்டி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"பேரிங் போயிடுச்சுண்ணா. சக்கரமே ஆடுது. ஆடினா சென்சாருக்கு ஒழுங்காத் தெரியாது, அதான் லைட் எரியுது. கொஞ்ச நாளா ஒரு உறுமல் கேட்டுச்சு, டயர் பழசுன்னு நினைச்சேன்." பிறகு மெதுவாகச் சொன்னாள்: "இதோட மலை இறங்கியிருப்போம்."

அவர் மனைவியைப் பார்த்தார். திட்டுவதா, கும்பிடுவதா என்று அவருக்குத் தெரியவில்லை. இரண்டையும் செய்யவில்லை.

குட்டி கையைக் கழுவினாள். பையை எடுத்தாள். "நான் பஸ்ல போறேன்" என்று சொல்லிவிட்டு, அண்ணி நின்ற பக்கம் திரும்பாமல் நடந்தாள். அவர் பஸ் நிலையம்வரை கூடப் போனார். வாசலில் மூன்று சக்கரத்திலும் ஒரு ஜாக்கியிலும் நின்ற காரோடு கண்ணாடியக்கா தனியாக இருந்தாள்.

அவர் திரும்பி வந்து கேட்டது ஒரே கேள்விதான். "எதுக்கு?"

"பஸ்ல காத்து நல்லா வரும்னு சொன்னீங்க."

அவர் வெகுநேரம் யோசித்தார். "எப்போ சொன்னேன்?" என்றார். நிஜமாகவே அவருக்கு ஞாபகம் இல்லை. தான் மாதக்கணக்கில் நெஞ்சில் வைத்துப் புகைந்த வார்த்தை, சொன்னவர் மனதில் ஒரு நாள்கூடத் தங்கவில்லை என்று அவளுக்கு அன்றுதான் தெரிந்தது. அதற்கும் அழுகை வந்தது.

குட்டி அந்தப் பரீட்சையில் தேறவில்லை. செய்தியை அவர் போனில் கேட்டுவிட்டு, சுவரைப் பார்த்துச் சொன்னார். குட்டி வீட்டுக்கு வருவதை நிறுத்திவிட்டாள். காரை ஷெட்டுக்குள் தள்ளி, மறுபடி ஜாக்கியில் நிறுத்திவிட்டுக் கதவைச் சாத்திவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் சும்மா நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். கேட்டதற்குப் பதில் சொல்வார், அவ்வளவுதான். கண்ணாடியக்கா எதற்கு ஆசைப்பட்டாளோ அது கிடைத்துவிட்டது: வீட்டில் அவரும் அவளும் மட்டும். அடுப்படியில் பாத்திரம் வைக்கிற சத்தம்கூட அவளுக்குப் பெரிதாகக் கேட்டது.

ஒரு நாள் கடையிலிருந்து நேராக நாத்தனார் வீட்டுக்குப் போனாள். குட்டி கதவைத் திறந்தாள். வாங்க என்று சொல்லவில்லை. ஆனால் வழியை விட்டு நகர்ந்தாள். ஒற்றை அறை. ஜன்னலோரம் ஒரு மேசை, அதன்மேல் பரீட்சைக்குப் படித்த புத்தகங்கள் அப்படியே கிடந்தன.

"தப்புதான் குட்டி" என்றாள் கண்ணாடியக்கா.

"தப்புதான்" என்றாள் குட்டி.

பிறகு குட்டிதான் ஆரம்பித்தாள். "என்ன ஆச்சு தெரியுமா அண்ணி? ஒரு சின்ன வயர்ல என்ன கோளாறுன்னு எனக்குக் கண்டுபிடிக்க முடியலை. அப்போ என் வேலையில நான் சரின்னு சொல்றதெல்லாம் சரியா? ஒரு லிப்ட்டை முடிச்சுட்டுக் கீழ வருவேன். மறுபடி மேல போய்ப் பாப்பேன். மறுபடியும் போவேன். கூட இருக்குறவங்க சிரிப்பாங்க. பரீட்சையில ஒரு மெஷினைக் கொடுத்து எங்க பழுதுன்னு கேட்டாங்க. தெரிஞ்சுச்சு. சொல்ல பயமா இருந்துச்சு. இதுவும் நம்மளை ஏமாத்துமோன்னு."

கண்ணாடியக்கா தலை குனிந்திருந்தாள். இது இவ்வளவு தூரம் போகும் என்று அவள் நினைத்துப் பார்த்ததில்லை.

"அந்தச் சீட்டுதானே வேணும்?" என்றாள் குட்டி. "ஒரு வார்த்தை கேட்டிருந்தா இறங்கியிருப்பேனே."

"கேட்டா நீ இறங்குவே. அவரும் ஏத்திக்குவார். அவரா கூப்பிடணும்னு இருந்துச்சு எனக்கு."

"எங்கண்ணன் யாரையும் கூப்பிட மாட்டார் அண்ணி. என்னையும் கூப்பிட்டதில்ல. நானாத்தான் போய் உக்காந்தேன்" என்றாள். "உங்களுக்கு தினமும் அவர் இருக்கார். எனக்கு ஞாயித்துக்கிழமை ஒண்ணுதான் இருந்துச்சு. அதையும் பிடுங்கிட்டீங்க."

எழுந்து டீ போட்டாள். அது சமாதானம் என்று சொல்ல முடியாது. வீட்டுக்கு வந்தவளுக்கு டீ கொடுத்தாள், அவ்வளவுதான். ஆனால் வாசல்வரை வந்தபோது கேட்டாள்: "கார் இன்னும் ஜாக்கியிலயா நிக்குது?"

"ஆமா."

"அப்படியே விட்டா வேற ஏதாச்சும் கெட்டுடும். ஞாயித்துக்கிழமை வர்றேன்."

வந்தாள். புது பேரிங்கை உள்ளே இறக்க அரைநாள் ஆனது. அண்ணனைக் கடைக்கு அனுப்பிவிட்டு, "அண்ணி, அந்தக் கொக்கியைக் கழட்டுங்க. அதான் நல்லாக் கழட்டுவீங்களே" என்றாள். குத்தலாகத்தான் சொன்னாள். கண்ணாடியக்கா கழற்றினாள். திரும்ப மாட்டும்போது குட்டி குனிந்து, கொக்கி விழுந்ததா என்று தன் கையால் ஒரு தரம் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். இப்போதும் அப்படித்தான், கண்ணாடியக்கா எதை மாட்டினாலும் குட்டி ஒரு தரம் தொட்டுப் பார்ப்பாள். அண்ணி அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருப்பாள். கறுப்பு டேப்பை அன்றே உரித்துப் போட்டார்கள். அடுத்த தடவை எழுதியபோது குட்டி பரீட்சையில் தேறிவிட்டாள்.

ஷெட்டில் இப்போது மூன்று பேர் உட்காருகிறார்கள். பழைய வாளி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு, அதுதான் கண்ணாடியக்காவின் இடம். லீன் என்றால் என்ன, எங்கே காற்று இழுக்கும் என்றெல்லாம் அவளுக்கு இப்போது தெரியும். ஆனாலும் அண்ணனும் தங்கையும் சின்ன வயதுக் கதை ஏதாவது பேசி, பாதியிலேயே புரிந்துகொண்டு சிரிக்கும்போது அவளுக்கு உள்ளே சுருக்கென்று தைக்கும். என்ன என்று கேட்டால் சொல்வார்கள். சொன்ன பிறகு அது அவ்வளவு சிரிப்பாக இருக்காது.

பேரிங் மாற்றிய அடுத்த ஞாயிறு, குட்டி ஷெட்டில் கருவி துடைத்துக்கொண்டிருக்க, அவர் காரை வெளியே எடுத்து வாசலில் நிறுத்தினார். பக்கத்துக் கதவைத் திறந்தார். "வர்றியாம்மா?" என்றார்.

அவள் ஏறி உட்கார்ந்தாள். தரையில் உட்கார்ந்த மாதிரி இருந்தது. காலை நீட்ட இடமில்லை. ரோட்டில் கிடக்கிற ஒவ்வொரு கல்லும் இடுப்பில் வந்து பேசியது. லாரிக்குப் பக்கத்தில் போனால் அதன் சக்கரம்தான் தெரிந்தது. எஞ்சின் சத்தத்தில் அவர் ஏதோ சொன்னது காதில் விழவே இல்லை, இரண்டு தடவை "என்ன?" என்று கேட்டுவிட்டு, மூன்றாம் தடவை தலையை ஆட்டிவைத்தாள். இதற்காகவா என்று நினைத்தபோது அவளுக்குச் சிரிப்பும் வந்தது, வெட்கமும் வந்தது.

திரும்பி வந்து இறங்கும்போது முட்டியைப் பிடித்துக்கொண்டுதான் எழ முடிந்தது. குட்டி ஷெட்டிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"எப்படி இருந்துச்சு அண்ணி?"

"சூப்பரா இருந்துச்சு" என்றாள் கண்ணாடியக்கா.

அடுத்த வாரம் குட்டி தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "இன்னிக்கு நான் ஒரு ரவுண்டு போய்ட்டு வரட்டுமா?" என்று கேட்டாள். கண்ணாடியக்காவுக்கு முட்டிவலி இன்னும் விட்டபாடில்லை. சீட்டைக் கொடுத்துவிட்டு நிம்மதியாக வீட்டுக்குள் போய்ப் படுத்திருக்கலாம்.

"நீ அடுத்த வாரம் போ" என்று சொல்லிவிட்டு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு போய் ஏறி உட்கார்ந்தாள்.